பிசிக்ஸ் மெயின், மேத்ஸ் அலைடு

என் பெண்ணுக்கு ஏதாவது ஒரு பையன் மேல் ஆசை வந்திருந்தால் நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். பையன் என்றால் அவன் வீடு எது, வேலை என்ன என்று விசாரிக்கலாம். திட்டலாம், அழலாம், கடைசியில் போனால் போகிறது என்று கல்யாணத்தைப் பண்ணிவைக்கலாம். ஓவியா சொன்னதோ வேறு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாள், கணக்கிலும் பிசிக்ஸிலும் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்தவள், இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்குப் போகமாட்டேன் என்றாள்.

"பி.எஸ்ஸி. பிசிக்ஸ் படிக்கப் போறேம்மா. சென்னையில."

"படிச்சுட்டு?"

"எம்.எஸ்ஸி. அப்புறம் ஆராய்ச்சி."

"இன்னா ஆராய்ச்சி?"

"காஸ்மாலஜி. இந்தப் பிரபஞ்சம் எப்படி ஆரம்பிச்சுது, எப்படி இவ்ளோ பெருசாச்சு, அதெல்லாம்."

தோசையைத் திருப்பப் போன கை அப்படியே நின்றது. தோசை கருகியது. வேறு ஊரில் ஒரு பெண் இப்படிச் சொன்னால் புத்திசாலிப் பெண் என்று தெருவே பெருமைப்படும். திருவண்ணாமலையில், செங்கம் ரோட்டில், ரமணாசிரமத்துக்குப் பின்னால் ரூம் வாடகைக்கு விடுகிற என்னிடம் சொன்னால் நான் பயப்படாமல் என்ன செய்வேன்?

என் பெயர் ரேணுகாம்பாள். பிறந்தது கீழ்பென்னாத்தூரில், நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். வாழ்க்கைப்பட்ட பிறகு இந்தத் தெருவுக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் தருமன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறார். வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். ரூம்களைப் பார்த்துக்கொள்வது நான்தான். வருகிறவர் எதற்காக வந்திருக்கிறார், எத்தனை நாள் தாங்குவார் என்று பெட்டியைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அந்தக் கண்ணால் எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்! பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்த பையன், நாக்பூர் பக்கத்துப் பல் டாக்டர், பேங்கில் அதிகாரியாக இருந்த ஒரு பெண். சனி ஞாயிறுக்கு என்று வருவார்கள். இதெல்லாம் எப்படி ஆரம்பித்தது, இதற்கெல்லாம் முன்னால் என்ன இருந்தது என்று பேச ஆரம்பிப்பார்கள். அப்புறம் சாப்பாடு கம்மியாகும். போனை அணைத்து வைப்பார்கள். வேலை போகும், தாடி வரும். பிறகு ஒருநாள் அவர்களுடைய அம்மா வருவாள், கையில் ஒரு பையோடு, அழுதுகொண்டு. அந்த அம்மாக்களுக்குக் காபி போட்டுக் கொடுத்தது நான். எந்தப் பாஷை பேசினாலும் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள். நல்லாத்தானே படிச்சுக்கிட்டிருந்தான் என்று.

ஆசிரமத்தைக் குறை சொல்லவில்லை. அங்கே போய்க் கண்ணை மூடி உட்கார்ந்தால் எனக்கும் தலைவலி போகும். ஆனால் நான் எழுந்து வீட்டுக்கு வந்து சோறு வடிக்கிறேன் இல்லையா, அதுதான் வித்தியாசம்.

தருமனிடம் சொன்னேன். அவர் வேன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "படிக்கறேன்னுதானே சொல்றா. ஓடிப்போறேன்னா சொன்னா?" என்றார். இந்த மனுஷனுக்கு எதிலும் சந்தேகமே வராது. பெட்ரோல் பங்கில் மீட்டரைக்கூடப் பார்க்கமாட்டார்.

சந்தேகம் வந்தால் அதற்கு ஓர் ஆள் வேண்டும். ஆள் என் மாடியிலேயே இருந்தாள்.

வினோதினி தீபத் திருவிழா முடிந்து கூட்டம் கலைந்த பிறகு வந்தவள். முப்பது வயது இருக்கும். திருச்சிப் பக்கம் துறையூர் என்று ஆதார் கார்டில் இருந்தது. ஒரு மாதம் என்று சொல்லி வந்தாள். கோடை வந்த பிறகும் காலி செய்யவில்லை. வாடகை ஒழுங்காகத் தந்தாள், அதனால் வாயைத் திறக்க வழியில்லை. ஆனால் வேலைக்குப் போகவில்லை. லேப்டாப் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. சரி, ஆசிரமத்துக்காவது ஒழுங்காகப் போகிறாளா என்றால் அதுவும் இல்லை. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து மலையைப் பார்ப்பாள். எழுந்து துணி துவைப்பாள். மறுபடி உட்காருவாள்.

"இன்னாம்மா பண்ணிக்கினு இருந்தே முன்னாடி?" என்று ஒருநாள் கேட்டிருந்தேன்.

"ஆராய்ச்சிக்கா. பிரபஞ்சத்தைப் பத்தி. விட்டுட்டேன்" என்று சொல்லிவிட்டு ஈரத் துணியை உதறினாள்.

அன்றைக்கு அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்தத் தெருவில் பாதிப் பேர் அந்த ஆராய்ச்சியில்தான் இருக்கிறார்கள். ஓவியா காஸ்மாலஜி என்று சொன்ன பிறகுதான் இரண்டையும் சேர்த்துப் பார்த்தேன். மாடிக்குக் காபி கொண்டுபோகிற பெண், டம்ளர் காய்ந்து ஒட்டிக்கொள்கிற வரை இறங்குவதில்லை.

"அங்க இன்னாடி அவ்ளோ நேரம்?"

"சும்மாதாம்மா."

சும்மா இரு என்பதையே பெரிய உபதேசமாகச் சொல்கிற இந்த ஊரில் சும்மா என்ற சொல்லுக்கு எவ்வளவு மரியாதை என்று உங்களுக்குத் தெரியாது. அன்று சாயங்காலமே மாடிப்படியில் பாதி ஏறி, துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். யாராவது பார்த்தால் பெருக்குகிறேன் என்று சொல்லலாம்.

"முதல் ரெண்டு வருஷம் வேற எதையும் நினைக்கக்கூடாது ஓவியா" என்று வினோதினியின் குரல். "தினமும் பயிற்சிதான். பலன் வருதா வரலையான்னு பாத்துக்கிட்டே இருக்கக்கூடாது."

"அப்ப பெரிய விஷயத்துக்கெல்லாம் எப்பக்கா போறது?"

"நீ அதைத் தேடிப் போகாத. அடிப்படை சரியா இருந்தா அது தானா வரும். அவசரப்பட்டவங்க பாதியில விழுந்துட்டாங்க."

"உங்களை மாதிரியா?"

நான் துடைப்பத்தோடு கீழே இறங்கிவிட்டேன். இதே பேச்சைத் தெருமுனை காபிக் கடையில் காவி வேட்டி கட்டிய வெள்ளைக்காரர் ஒருவர் தினமும் பேசுகிறார். எனக்கு இங்கிலீஷ் வராது. ஆனாலும் அந்த ராகம் தெரியும். பயிற்சி, பொறுமை, பலன் பாராதே, தானாக வரும். சொல்லச் சொல்லச் சுற்றி உட்கார்ந்திருக்கிறவர்கள் வீட்டை மறந்துவிடுவார்கள்.

தருமனுக்குப் போன் போட்டேன். வேலூரில் சவாரிக்காகக் காத்துக்கொண்டிருந்தார்.

"கணக்கு வாத்தியாரும் இதையேதானே சொல்வாரு?" என்றார்.

"கணக்கு வாத்தியாரு தொட்டி நெழல்ல உக்காந்து மலையைப் பாத்துக்கினு இருப்பாரா?"

"உனக்கு இன்னாதான் வேணும் ரேணு?"

என் பெண் எனக்கு வேண்டும். வேறென்ன கேட்டேன்? படிக்கட்டும், சம்பாதிக்கட்டும், சம்பாதிக்காமலும் போகட்டும். ஒருநாள் நான் பையைத் தூக்கிக்கொண்டு எவள் வீட்டு வாசலிலோ நின்று, நல்லாத்தான் படிச்சுக்கினு இருந்தா என்று சொல்கிற நிலைமை வரக்கூடாது. அவ்வளவுதான்.

பிறகு அவளைக் கவனிக்கத் தொடங்கினேன். கவனித்தால் எல்லாம் அடையாளமாகத்தான் தெரிகிறது. இரண்டு தோசையோடு எழுந்துவிட்டாள். பூ வேண்டாம் என்றாள். டிவி போட்டால் மாடிக்குப் போனாள். ஜன்னலோரம் உட்கார்ந்து எதையோ முணுமுணுத்துக்கொண்டே விரலால் காற்றில் கோடு போட்டாள். "இன்னாடி ஜபமா?" என்றால், "கணக்கும்மா" என்றாள். எந்தக் கணக்கு காகிதம் இல்லாமல் காற்றில் போடப்படுகிறது?

ஞாயிற்றுக்கிழமை காலையில் டிபன் முடித்துவிட்டு, "வினோதினி அக்காவோட மலையைச் சுத்திட்டு வரேன். நடந்துக்கினே பேசணும்" என்றாள். சென்னைக் காலேஜுக்கு விண்ணப்பம் போட வெள்ளிக்கிழமை கடைசி நாள்; அதற்குள் முடிவு செய்யவேண்டுமாம். போய்வா என்றேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் வீட்டைப் பூட்டிக்கொண்டு பின்னாலேயே போனேன்.

என்னைப் போல ஓர் உடம்பு யாரையும் ஒளிந்து தொடரக்கூடாது. கிரிவலப் பாதையில் எல்லோரும் வெறுங்காலோடு சிவசிவா என்று போகிறார்கள். நான் செருப்பும் முந்தானை முக்காடுமாக மரத்துக்கு மரம் நின்று நின்று போகிறேன். ஒரு சாமியார் என்னைப் பார்த்து, "யாருக்கம்மா பயப்படறே?" என்று கேட்டுவிட்டார். என் பெண்ணுக்கு என்று அவரிடம் சொல்லமுடியுமா?

அடி அண்ணாமலை வந்ததும் இருவரும் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நான் பக்கத்தில் குவித்திருந்த இளநீருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். இளநீர்க்காரர் ஒன்று சீவட்டுமா என்று கண்ணால் கேட்டார். கையைக் காட்டி அடக்கினேன்.

"பேசாம மேத்ஸ் மெயின் எடுத்துட்டு பிசிக்ஸை அலைடா வெச்சுக்கட்டுமா அக்கா? கடைசியில எல்லாம் கணக்குதானே?"

"வேணாம். பிசிக்ஸ் மெயினே எடு. ஆனா அதுல வர்ற அலைடு மேத்ஸ் சீக்கிரமே நின்னுடும், அது பத்தாது. மேத்ஸ் மெயின் பசங்க படிக்கிற லீனியர் ஆல்ஜிப்ரா, டிஃபரென்ஷியல் ஈக்வேஷன் எல்லாத்தையும் அவங்க புத்தகத்தை வாங்கி நீயா போட்டுப் பழகு. முதல் வருஷம் மெக்கானிக்ஸ். அடுத்து மின்சாரம், காந்தம், வெப்பம். குவாண்டம் மூணாவது வருஷம் வரட்டும். லீவுல கம்ப்யூட்டர்ல கணக்கு போடக் கத்துக்கோ."

"பிக் பேங், பிளாக் ஹோல் எதையும் தொடவே கூடாதா?"

"ஆசைக்குப் படிச்சுக்கோ. ஆனா கதையா படிச்சதைத் தெரிஞ்சதா நினைச்சுக்காத. ஒரு கணக்கைத் தனியா உக்காந்து போட வந்தாத்தான் தெரிஞ்சுதுன்னு அர்த்தம்."

நிஜமாகவே படிப்புதான். எனக்கு ஒரு நிமிஷம் உயிர் வந்தது. உடனே அடுத்த யோசனையும் வந்தது. தூண்டிலில் வெறும் முள்ளையா மாட்டுவார்கள்? படிக்கிற பெண்ணைப் பிடிக்கப் படிப்பைத்தானே காட்டவேண்டும். இப்படி நினைத்துக்கொண்டிருக்கும்போதே ஓவியா குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க எப்பக்கா சொல்லப் போறீங்க?"

"இன்னும் கொஞ்ச நாள். அதுவரைக்கும் யாருக்கும் தெரியவேணாம்."

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எங்கம்மாகிட்டகூட சொல்லல."

எங்கம்மாகிட்டகூட. அதற்கு மேல் நான் அங்கே நிற்கவில்லை. ஷேர் ஆட்டோ பிடித்து அவர்களுக்கு முன்னால் வீட்டுக்கு வந்தேன். ரூம் எடுக்கிறவர்களிடம் அவசரத்துக்கு என்று வீட்டு நம்பர் ஒன்று வாங்கி வைப்பது என் வழக்கம். வினோதினி கொடுத்த நம்பரைப் போட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

"வினோதினி அம்மாங்களா?"

"ஆமா, சந்திரகலா பேசறேன். நீங்க யாரு?"

"உங்க பொண்ணைப் பத்திப் பேசணும்."

"அவ ஜெர்மனியில இருக்கா. அங்க யுனிவர்சிட்டியில ஆராய்ச்சி பண்றா" என்று அந்தம்மா ஒப்பிப்பது போலச் சொன்னார்.

பிடித்துவிட்டேன்! பெற்ற தாயையே ஏமாற்றுகிறவள் என் பெண்ணுக்குப் புத்தி சொல்கிறாள். "ஜெர்மனியிலயும் இல்ல, எங்கயும் இல்லீங்க. திருவண்ணாமலையில என் வீட்டு மாடியில இருக்கா. தீபம் முடிஞ்சதுல இருந்து" என்றேன். அடுத்து ஐயோ என்று ஒரு சத்தம் வரும், ஆறுதல் சொல்லலாம் என்று காத்திருந்தேன்.

அது வரவில்லை. அந்தம்மா கேட்டார், "சாப்பிடறாளா?"

"ம். மெஸ்ஸுல சாப்பிடறா."

"நான் வரேங்க" என்று வைத்துவிட்டார். இவ்வளவு பெரிய இடியைப் போட்டும் அந்தம்மா அதிரவில்லையே என்று எனக்கு அவர் மேலும் சந்தேகம் வந்தது.

மறுநாள் மத்தியானம் சந்திரகலா வந்தார். துறையூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாராம், கணவர் இல்லை. கையில் பை இருந்தது, கண்ணில் தண்ணீர் இல்லை. வினோதினி அப்போது சாப்பிடப் போயிருந்தாள். என்னிடமிருந்த சாவியால் ரூமைத் திறந்துவிட்டேன். அந்தம்மா எதையும் குடையவில்லை, பெட்டியைத் திறக்கவில்லை. நானாக இருந்தால் அதற்குள் தலையணை உறையைக்கூட உதறிப் பார்த்திருப்பேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து, கொடியிலிருந்து எடுத்துப் போட்டிருந்த துணிகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

நான் காபி கொண்டு மேலே போனபோது வினோதினி வந்துவிட்டிருந்தாள். கதவருகே நின்று அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஓவியா. நான் டம்ளரோடு ஓரமாக நின்றேன். போயிருக்கலாம், போகவில்லை.

"நான் ஜெர்மனியை விட்டு எப்பவோ வந்துட்டேம்மா" என்றாள் வினோதினி. "அங்க இருந்தது ஒரு வருஷம்தான். அப்புறம் பெங்களூர்ல சும்மா இருந்தேன். அப்புறம் இங்க."

அந்தம்மா ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் இருந்ததால்தானோ என்னவோ அவளே கொட்டினாள்.

"பி.எஸ்ஸி.யில கணக்கை ஒழுங்கா படிக்கலம்மா. பிரபஞ்சம் எப்படி ஆரம்பிச்சுதுன்னு மேடையில ஏறி அழகா பேசுவேன், எல்லாரும் கைதட்டுவாங்க. அதையே படிப்புன்னு நினைச்சுட்டேன். எம்.எஸ்ஸி.க்குப் போனப்புறம் போர்டுல எழுதினா எனக்கு ரெண்டு வரிக்கு மேல புரியல. சுத்தி எல்லாரும் தலையாட்டினாங்க, நானும் ஆட்டினேன். புரியலன்னு சொல்ல வாய் வரல. நல்லா படிக்கிற பொண்ணுன்னு பேரு வாங்கிட்டு எப்படிச் சொல்றது? வருஷக்கணக்கா தலையாட்டினேம்மா. ஒருநாள் ஜெர்மனியில என் ஆராய்ச்சி கைடு ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் போடச் சொன்னார். பேனாவை மூடி வெச்சுட்டு வெளிய வந்தவதான்."

"இங்க எதுக்கு வந்த?" என்று கேட்டது நான்தான். வாய் சும்மா இருக்கவில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். "வேற எந்த ஊர்லக்கா ஒரு பொம்பளை வேலைவெட்டி இல்லாம உக்காந்திருந்தா ஏன்னு கேக்காம விடுவாங்க? இங்கதான் யாரும் கேக்கல. சாமி கும்பிட வந்தவன்னு நினைச்சுக்கிட்டாங்க."

ஓவியா முன்னால் வந்தாள். அழுகையும் கோபமுமாக இருந்தது அவள் முகம். "நான்தாம்மா இவங்களைத் தொந்தரவு பண்ணேன். முதல்ல சொல்லித்தரவே மாட்டேன்னாங்க. நான் எங்க விழுந்தேன்னு மட்டும் சொல்றேன், நீ அங்க பாத்துப் போன்னாங்க. எனக்காகக் கணக்கு போட ஆரம்பிச்சு இப்ப அவங்களே தினமும் போடறாங்க. இந்த மாசக் கடைசியில அவங்களே அவங்க அம்மாகிட்ட சொல்றதா இருந்தாங்க. அதுக்குள்ள நீ போன் பண்ணிட்ட!"

"எனக்கு அது தெரியுமாடி?"

"கேட்டிருக்கலாம் இல்ல?"

எனக்கு மூக்கு வரை கோபம். கேட்டால் சும்மா என்கிறாள். கேட்காமல் கண்டுபிடித்தால் ஏன் கேட்கவில்லை என்கிறாள். நான் சந்திரகலா பக்கம் திரும்பினேன். "நீங்களே சொல்லுங்க. உங்களை ஏமாத்திக்கினு ஒரு பொண்ணு இங்க உக்காந்திருக்கா. சொல்லாம இருக்கமுடியுமா?"

"அவ என்னை ஏமாத்தலைங்க" என்றார் அந்தம்மா. "எனக்கு முன்னாடியே தெரியும்."

வினோதினி நிமிர்ந்தாள்.

"தை மாசம் ஒருநாள் போன் பண்ணா. பௌர்ணமி அன்னிக்கி. இங்க பனி கொட்டுதும்மான்னு சொல்லிக்கிட்டிருக்கா, பின்னாடி அண்ணாமலையாருக்கு அரோகரான்னு ஒரு கூட்டமே கத்துது. ஜெர்மனியில யாரு அரோகரா போடுவாங்க?"

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. வினோதினி மட்டும் சிரிக்க ஆரம்பித்து, அப்படியே அம்மாவின் மடியில் கவிழ்ந்து அழுதாள்.

"தெரிஞ்சும் ஏங்க வரல?" என்றேன். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"வந்து கேட்டா இன்னொரு பொய் சொல்லுவா. ஒண்ணையே தூக்க முடியாமத் தவிக்கறா. சொல்லணும்னு தோணும்போது சொல்லட்டும்னு இருந்தேன். ராத்திரியெல்லாம் பயமாத்தான் இருக்கும். வாரம் ஒருதடவை போன் வருதே, உயிரோட இருக்காளே, அது போதும்னு இருந்தேன்." மகளின் தலையைத் தடவிக்கொண்டே என்னை ஏறிட்டுப் பார்த்தார். "நீங்களும் பொண்ணு வெச்சிருக்கீங்க. உங்களுக்கும் பயம் இருக்கும்."

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நான் இரண்டு வார்த்தை திருப்பிச் சொல்லி ஆறியிருப்பேன். காபி ஆறிப்போயிருந்தது, வேறு போட்டுக் கொண்டுவருகிறேன் என்று கீழே வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் தாயும் மகளும் கிளம்பினார்கள். வினோதினி என் மேல் கோபம் காட்டவில்லை. "நானா சொல்லியிருந்தா நல்லா இருந்திருக்கும்கா. பரவாயில்ல" என்றாள். அந்தப் பரவாயில்லை இன்னும் என்னைக் குத்துகிறது.

ஓவியா என்னோடு பேசவில்லை. புதன் போனது, வியாழன் வந்தது. கவுன்சிலிங் பற்றி நானும் வாய் திறக்கவில்லை. சாம்பாருக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது அவள் தண்ணீர் குடிக்க வந்தாள்.

"நீ பிசிக்ஸே சேருடி" என்றேன்.

டம்ளரை இறக்கி என்னையே பார்த்தாள். "ஏன்?"

"ஏன்னா? நீதானே கேட்ட."

"திடீர்னு ஏன் ஒத்துக்கற? அந்தக் காலேஜ்ல யாரையாவது தெரியுமா? யாருக்குப் போன் பண்ணியிருக்க?"

"யாருக்கும் பண்ணலடி!"

அவள் நம்பவில்லை. அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். அவர் என் பேச்சைக் கேட்டுவிட்டு, "உங்கம்மா சொல்றதா? எனக்கே நம்ப முடியலையே. நல்லா விசாரிச்சுக்கோ" என்றார். அன்று சாயங்காலம் விண்ணப்பம் போட்டாள். நான் கூடத்தில் நடந்தபோதெல்லாம் போன் திரையைத் திருப்பிப் பிடித்துக்கொண்டாள். பாஸ்வேர்டு அடிக்கும்போது என்னை அடுப்படிக்குப் போகச் சொன்னாள். பத்து மாதம் சுமந்து பெற்றவளை வேவு பார்க்க வந்தவள் மாதிரி நடத்துகிறாளே என்று அழுகை முட்டியது. நல்லவேளை, மீதி வெங்காயம் இருந்தது.

அந்தக் காலேஜிலேயே இடம் கிடைத்தது, ஹாஸ்டலில் விட்டு வந்தோம். அதற்குப் பிறகுதான் எனக்கு உண்மையான சோதனை. வாரம் இரண்டு முறை போன் பண்ணுவாள். எப்படிடி படிக்கிறே என்றால், "நல்லாத்தாம்மா போகுது" என்பாள். அந்த நல்லாத்தான் என்ற வார்த்தையைக் கேட்டாலே கையில் பையோடு வந்த அத்தனை அம்மாக்களும் கண் முன்னால் வருவார்கள். வார்டனைக் கூப்பிட்டு விசாரிக்கலாமா? கூடத் தங்கியிருக்கிற பெண்ணின் நம்பரை வாங்கலாமா? ஒருநாள் வார்டன் நம்பரை அழுத்தியேவிட்டேன். மணி அடிப்பதற்குள் துண்டித்து, போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடி, அதன் மேல் ஆட்டுக்கல் குழவியை வைத்தேன். தருமன் போன் எங்கே என்று தேடி, நனைந்த போனையா அரிசியில் காயவைத்திருக்கிறாய் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஐப்பசிப் பௌர்ணமி. ரூமெல்லாம் நிறைந்து, தெருவில் கால் வைக்க இடமில்லை. சாயங்காலம் வாசலில் ஆட்களுக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தபோது ஓவியா கூப்பிட்டாள்.

"அம்மா, வேலையா இருக்கியா?"

"இல்லடி, சொல்லு."

வெளியே ஒரு கூட்டம் அரோகரா போட்டுக்கொண்டு போனது. அது தாண்டியதும் அவள் சொன்னாள்.

"அம்மா, எனக்குக் கணக்கு புரியலம்மா."

நான் திண்டாடிப்போனேன். எத்தனை கேள்வி வாய்க்கு வந்தது! ஏன் புரியவில்லை, எப்போதிலிருந்து, யாரோடு சுற்றுகிறாய், சாப்பிடுகிறாயா, அப்போதே இன்ஜினியரிங் என்றேனே. எல்லாவற்றையும் விழுங்கினேன். அரிசி டப்பா பக்கத்தில் இல்லை, வாயைத்தான் மூடவேண்டியிருந்தது.

"லீனியர் ஆல்ஜிப்ராம்மா. மேத்ஸ் மெயின் கிளாஸ்ல போய் உக்காரறேன். எல்லாரும் தலையாட்டறாங்க. எனக்கு மூணு வாரமா ஒண்ணும் புரியல. டெஸ்ட்ல மார்க்கும் ரொம்பக் கம்மி. நாளைக்கு மேடம்கிட்ட போய்ச் சொல்லப்போறேன். பயமா இருக்கு. முதல்ல உன்கிட்ட சொல்லிப் பாக்கலாம்னு பண்ணேன்."

"என்கிட்டயா?"

"ஆமா. யார்கிட்டயாவது ஒருதடவை வாய்விட்டுச் சொல்லிட்டா அப்புறம் சொல்ல வந்துடுமாம். வினோதினி அக்கா சொன்னாங்க. அவங்க அதைத்தான் செய்யலையாம்."

வினோதினி இப்போது துறையூரில் அம்மாவின் கடையில் உட்கார்ந்து பி.எஸ்ஸி. கணக்கையெல்லாம் முதலிலிருந்து போடுகிறாளாம். கைடுக்கு எழுதியிருக்கிறாளாம், பதில் வரவில்லை. திரும்பப் போவாளா மாட்டாளா என்று அவளுக்கே தெரியாதாம்.

"சரி, போய்ச் சொல்லு" என்றேன். "புரியலன்னு சொன்னா முழுங்கிடவா போறாங்க? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேம்மா" என்று வைத்துவிட்டாள்.

எனக்கு அழுகை வந்தது. கூடவே சிரிப்பும் வந்தது. பிள்ளைக்குப் படிப்பு புரியவில்லை என்று கேட்டு எந்தத் தாயாவது இப்படிச் சந்தோஷப்பட்டிருப்பாளா? சாவிக்கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். வேனை ஓரமாக நிறுத்திவிட்டு வந்த தருமன் என் முகத்தைப் பார்த்தார்.

"இன்னா ஆச்சு?"

"ஓவியா போன் பண்ணா. கணக்கு புரியலையாம். மார்க் கம்மியாம்."

"அதுக்கு ஏன் சிரிக்கறே?"

"சும்மாதான்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அந்த மனுஷன் கண்ணில் ஒரு சந்தேகத்தைப் பார்த்தேன். "எனக்கு இன்னாவோ சரியாப் படல. ரெண்டு பேரும் எதையோ மறைக்கறீங்க" என்று சொல்லி, தன் போனை எடுத்துக்கொண்டு ஓவியாவைக் கூப்பிட வேன் பக்கம் போனார். பண்ணட்டும் என்று விட்டுவிட்டேன். அவரிடமும் அவள் அதையேதான் சொல்வாள்.